பிரயாணியும் பிறர் சலுகையும்

வியாபாரிக்குப் பிரயாணம் புதிதன்று. கப்பலேறி வந்து பினாங்கிலும் சிங்கப்பூரிலும் கடை விரித்தவர்களின் பிள்ளைகள் நாம். ஆனால் சரக்குக் கொள்முதலுக்கும் அல்லாமல், சொந்தபந்தங்களின் நல்லது கெட்டதுக்கும் அல்லாமல், காட்டைப் பார்த்து வருவதற்கென்றே கடையைத் தம்பிமார் கையில் ஒப்படைத்துவிட்டுப் புறப்படுவது நம்மவர்களிடையே சற்று அபூர்வமான காரியமே. 2024ஆம் ஆண்டு மே மாதத்தில் நாங்கள் ஐவர் அப்படி ஒரு பிரயாணம் போய் வந்தோம்.

காட்டின் அழகை வர்ணிப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. அப்பிரயாணத்தில் எங்களுக்குள் எழுந்து, இன்றுவரை எங்களை விடாத ஒரு கேள்வியை நம் சங்கத்துச் சகோதரர்கள் முன் வைப்பதே நோக்கம். கேள்வி இதுதான்: விற்பவர் மனமொப்பிக் கொடுத்து, அவர் கேட்ட விலையைக் காசு குறையாமல் எண்ணி வைத்து நாம் வாங்கிய பொருள், நமக்கு ஆகாத பொருளாக இருக்கக் கூடுமா? நாம் ஆலிம் அல்ல. மதரஸாவில் ஓதிய கொஞ்சத்தையும் கல்லாவில் உட்கார்ந்து கற்ற கணக்கையும் வைத்துக்கொண்டு பேசுகிறோம். பிழையிருந்தால் ஓதியவர்கள் திருத்துவார்களாக.

புறப்பட்டவர்கள் நான்கு வியாபாரிகள். ஐந்தாமவன் எங்களில் மூத்தவரான ஜவுளிக் கடைக்காரரின் மகன், கல்லூரியில் படிக்கும் பிள்ளை. கூடாரம் இரண்டு, அரிசி பருப்பு, தேத்தண்ணீருக்குக் கெட்டில், தொழுகைக்குப் பாய், திசை பார்க்கக் காம்பஸ் எல்லாம் ஏற்றிக்கொண்டு, காட்டுப் பாதையில் ஓடக்கூடிய வாடகை வண்டி ஒன்றில் வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து கிளம்பினோம். போக நினைத்த இடம் ஜொகூர் மாநிலத்தின் வடகிழக்கில் உள்ள எண்டாவ் ரொம்பின் காடு. குளுவாங்கைத் தாண்டிக் காஹாங் என்ற சிற்றூர் வரைக்கும் நல்ல சாலை. அதற்கப்பால் செம்பனைத் தோட்டங்களுக்கு ஊடே ஏறத்தாழ 56 கிலோமீட்டர் மண் பாதை. அதன் முடிவில் கம்போங் பேத்தா என்ற ஓராங் அஸ்லி கிராமம். காட்டின் வாசல் அதுதான்.

சிங்கப்பூர்ப் பதிவுள்ள வண்டி கடற்பாலத்தைக் கடக்க வேண்டுமானால் எண்ணெய்த் தொட்டியில் முக்கால் பங்கு எண்ணெய் இருக்க வேண்டும் என்பது 1991 முதல் இந்நாட்டு விதி. அக்கரையில் மலிவாகக் கிடைக்கும் எண்ணெய்க்காகவே வண்டிகள் ஓடாதிருக்கும் பொருட்டு ஏற்பட்ட விதி அது. எண்பது லிட்டர் கொள்ளும் தொட்டியில் அறுபது லிட்டர் வைத்துக்கொண்டு உட்லண்ட்ஸ் சாவடிக்குப் போனோம். நீண்ட விடுமுறையாதலால் பாலத்தில் மூன்று மணி நேரம் ஊர்ந்தோம். அப்பாலும் மழை. "குளுவாங்கில் எண்ணெய் போட்டுக்கொள்ளலாம்" என்று ஒருவர் சொன்னார். "நேரமாகிவிட்டது, காஹாங்கில் பார்த்துக்கொள்ளலாம்" என்று இன்னொருவர் சொன்னார். அந்த இன்னொருவர் நாமே.

காஹாங்கை அடைந்தபோது இரவு மணி பத்து. ஒரு எண்ணெய் நிலையத்தில் வண்டியை நிறுத்தினோம். அயல்நாட்டு வண்டிகளுக்கு ரோன் 95 எண்ணெய் விற்கக் கூடாது என்று மலேசிய அரசாங்கம் 2010 ஆகஸ்டிலேயே விதி செய்திருக்கிறது. காரணம், அந்த எண்ணெயின் விலையில் ஒரு பகுதியை அரசாங்கம் தன் கஜானாவிலிருந்து கட்டுகிறது. அது அந்நாட்டு மக்களுக்கென்று வைத்த மானியம். அயலார் வாங்க வேண்டியது ரோன் 97. அன்றைய விலை, ரோன் 95 லிட்டர் 2.05 மலேசிய வெள்ளி. ரோன் 97 லிட்டர் 3.47. கல்லாவில் இருந்த பையனிடம் ரோன் 97 கேட்டோம். தீர்ந்துவிட்டது, நாளை மத்தியானம்தான் லாரி வரும் என்றான். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அவன் எங்கள் வண்டியின் இலக்கத் தகட்டைப் பார்த்தான். வெளியே காலியாகக் கிடந்த சாலையைப் பார்த்தான். "மஞ்சள் குழாயிலேயே ஊற்றிக்கொள்ளுங்கள், இந்நேரத்தில் யார் வரப்போகிறார்கள்?" என்று மலாயில் சொன்னான்.

ஊற்றிக்கொண்டோம். நாற்பது லிட்டர், 82 வெள்ளி. இந்த இரவில், இந்த ஊரில் வேறு என்ன செய்வது என்று எல்லோருக்கும் கேட்கும்படி நாமே சொன்னோம். யாரும் மறுத்துப் பேசவில்லை.

மறுநாள் காலை மண் பாதையில் குலுங்கிக் குலுங்கிக் கம்போங் பேத்தா போய்ச் சேர்ந்தோம். அங்கு வாழ்பவர்கள் ஜாக்குன் மக்கள். எண்டாவ் ஆற்றின் கரையில் தலைமுறை தலைமுறையாய் இருந்து வருகிறவர்கள். 1977இல் பகாங் பக்கத்தில் இக்காட்டின் மரங்களை வெட்ட அனுமதி தரப்பட்டபோது நாடெங்கும் எதிர்ப்பு எழுந்து, வெட்டு நிறுத்தப்பட்டது. 1985, 1986 ஆண்டுகளில் மலாயா இயற்கைச் சங்கத்தார் ஆராய்ச்சிக் குழுவொன்றைக் கூட்டிவந்து இங்குள்ள செடிகொடி, உயிரினங்களைக் கணக்கெடுத்தார்கள். 1993இல் ஜொகூர்ப் பகுதி தேசியப் பூங்காவாயிற்று. அப்பகுதி மட்டும் ஏறத்தாழ 489 சதுர கிலோமீட்டர். குடையை விரித்தாற்போன்ற இலையுள்ள ஒருவகைப் பனை இந்தக் காட்டின் தனிச் சொத்து.

பூங்கா அலுவலகத்தில் பெயர் பதிந்து, கட்டணம் செலுத்தி, கொண்டுபோகும் குப்பையைத் திரும்பக் கொண்டுவருவதாக ஒப்புக்கொண்டு, படகேறினோம். ஜாசின் ஆறு எண்டாவில் கலக்குமிடமான கோலா ஜாசினில் கூடாரமடிப்பதாகத் திட்டம். படகோட்டி ஐம்பது வயது மதிக்கத்தக்க கிராமத்து மனிதர். புறப்படுமுன் அவர் ஒரு காரியம் செய்தார். பிளாஸ்டிக் கலனிலிருந்து பெட்ரோலை ஒரு புனல் வழியாக இயந்திரத்துக்குள் ஊற்றினார். ஊற்றி முடிந்ததும் புனலை உடனே எடுத்துவிடவில்லை. கடைசிச் சொட்டும் இறங்கும்வரை பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு புனலின் வாயை விரலால் வழித்து, அந்த விரலையும் துளைக்குள் உதறினார்.

எங்கே வாங்குகிறீர்கள் என்று பிள்ளை அவரிடம் மலாயில் கேட்டான். காஹாங்கில்தான் என்றார். வண்டியில் எவராவது போகும்போது கொடுத்தனுப்ப வேண்டும். கலனில் வாங்குவதற்கு அரசாங்கத்தின் அனுமதிக் கடிதம் வேண்டும். அதிலும் இவ்வளவுதான் என்று அளவுண்டு. தீர்ந்துவிட்டால் துடுப்புத்தான் என்று சொல்லிச் சிரித்தார். எங்களில் யாரும் சிரிக்கவில்லை. அவருக்கென்று வைத்த எண்ணெயை அவர் கடிதம் காட்டி, அளவுக்குள் வாங்கி, 56 கிலோமீட்டர் சுமந்து வருகிறார். அதே எண்ணெயை நாங்கள் கடிதமும் இல்லாமல், அளவும் இல்லாமல், முந்தின இரவு குளிர்சாதன வண்டிக்குள் ஊற்றிக்கொண்டு வந்திருக்கிறோம்.

அன்றிரவு ஆற்றங்கரையில் மக்ரிபையும் இஷாவையும் சேர்த்து, இஷாவை இரண்டு ரக்அத்தாகச் சுருக்கித் தொழுதோம். இரண்டு மர்ஹலா தூரத்துக்கு மேல் வந்த பிரயாணிகள் என்பதால் எங்களுக்கு அந்தச் சலுகை உண்டு. சோறு பொங்கிச் சாப்பிட்டுவிட்டு நெருப்பைச் சுற்றி உட்கார்ந்தபோது, பிள்ளை நம்மைப் பார்த்துக் கேட்டான்:

"மாமா, ஊரில் வீட்டில் இருக்கிறவர் ஒருவர், பள்ளிக்குப் போகச் சோம்பல் பட்டு, இஷாவை இரண்டு ரக்அத்தாகத் தொழுதால் சேருமா?"

"எப்படித் தம்பி சேரும்? கஸ்று பிரயாணிக்குள்ள சலுகை."

"அப்படியென்றால் ஊரிலிருக்கிறவருக்குள்ள சலுகையைப் பிரயாணி எடுத்துக்கொண்டால் அது மட்டும் சேருமா?"

அவன் எதைச் சொல்கிறான் என்பது எங்கள் அனைவருக்கும் விளங்கிற்று. அவனுடைய தகப்பனார் தலையைக் குனிந்துகொண்டார். அதன் பிறகு நள்ளிரவு வரை எங்களுக்குள் நடந்த பேச்சையே கீழே ஒழுங்குபடுத்தித் தருகிறோம். அன்று நாங்கள் சொன்ன சமாதானங்கள் ஒவ்வொன்றும் நம் கடைத்தெருவில் தினமும் கேட்கக் கூடியவையே.

முதலாவது, விற்பவர் சம்மதித்தார் என்பது. ஒருவர் பொருளை ஒருவர் அநியாயமாக உண்ணக் கூடாது, மனமொப்பிய வியாபாரமே ஆகும் என்று சூரத்துன் நிஸாவில் நமக்குப் போதிக்கப்பட்டிருக்கிறது. இங்கே இருவரும் மனமொப்பித்தானே இருந்தோம்? ஆனால் சம்மதம் யாருடைய சம்மதமாக இருக்க வேண்டும்? நம் கடைச் சிப்பந்தி நம் மூட்டையிலிருந்து தன் கூட்டாளிக்குச் சீனியைப் பாதி விலைக்கு அளந்து கொடுக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். கொடுத்தவனுக்கும் திருப்தி, வாங்கியவனுக்கும் திருப்தி. நாம் அதை வியாபாரம் என்று ஒப்புக்கொள்வோமா? மானிய எண்ணெயின் ஒவ்வொரு லிட்டரிலும் குழாயருகே இல்லாத மூன்றாமவர் ஒருவர் இருக்கிறார். பாக்கிப் பணத்தை அவர் கட்டுகிறார். அந்த மூன்றாமவரின் பெயர் மலேசிய மக்கள். அவர் சம்மதிக்கவில்லை, சம்மதமில்லை என்பதை விதியாக எழுதியும் வைத்திருக்கிறார். கல்லாப் பையன் தன் பொருளைத் தாராளமாய்க் கொடுக்கலாம். அவர் பொருளைக் கொடுக்க அவனுக்கு அதிகாரமில்லை. அன்றியும், விதி மீறியது தெரிந்தால் முதலில் பிடிபடுவது அந்த நிலையமே. எங்கள் சௌகரியத்துக்காக அந்தப் பையனின் பிழைப்பைப் பணயம் வைத்தோம் என்பதும் அப்போதுதான் உறைத்தது.

இரண்டாவது, நிர்ப்பந்தம் என்பது. இதைச் சொன்னவர் நாம். நிர்ப்பந்தம் வந்தால் விலக்கப்பட்டதும் ஆகும் என்று ஓதியிருக்கிறோமே என்றோம். பிள்ளை விரல்விட்டுக் கணக்குப் போட்டான். "மாமா, காஹாங் வந்தபோது தொட்டியில் நாற்பது லிட்டர் இருந்தது. மண் பாதையில் லிட்டருக்கு ஐந்து கிலோமீட்டர் ஓடினாலும், போக வர 112 கிலோமீட்டருக்கு இருபத்திரண்டு, இருபத்துமூன்று லிட்டர் போதும். மீதியில் தாராளமாகக் குளுவாங் போய்விடலாம்." நாற்பது வருடமாய்க் கணக்கு எழுதுகிற கைகள் நான்கு ஜோடி அங்கே இருந்தன. அந்தக் கணக்கை அந்த இரவில் ஒரு கையும் போடவில்லை! போட்டிருந்தால் நிர்ப்பந்தம் இல்லையென்று தெரிந்துவிடும். ஆகவே மனம் அதைப் போடவிடவில்லை. நிர்ப்பந்தம் என்ற சொல்லை நாம் எத்தனை தடவை உண்மையான கணக்குக்குப் பதிலாக உபயோகித்திருக்கிறோம் என்று அன்று நெஞ்சைத் தொட்டுப் பார்த்தோம்.

மூன்றாவது, தொகை சிறியது என்பது. லிட்டருக்கு 1.42 வெள்ளி வீதம் நாற்பது லிட்டருக்கு 56.80. ரோன் 97 உயர்ந்த தரமாதலால் இத்தொகை முழுவதும் மானியம் என்று சொல்ல முடியாதுதான். ஆனாலும் நாங்கள் கொடுத்திருக்க வேண்டியதற்கும் கொடுத்ததற்கும் உள்ள பேதம் இதுவே. சிங்கப்பூர்க் காசுக்குப் பதினாறு வெள்ளி சொச்சம். ஐவர் பரோட்டா தின்று தேத்தண்ணீர் குடித்தால் தீர்ந்துபோகும் தொகை. ஆனால் கைபர் யுத்தத்தின் சம்பவத்தை நாம் எல்லோரும் பயானில் கேட்டிருக்கிறோம். பங்கிடப்படாத பொதுப் பொருளிலிருந்து ஒரு போர்வையை எடுத்துக்கொண்ட ஒருவர் அம்பு பட்டு மாண்டார். மக்கள் அவருக்குச் சுவர்க்கம் கிட்டியதென்று மகிழ்ந்தார்கள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களோ, அந்தப் போர்வை அவர் மீது நெருப்பாய் எரிகிறதென்று எச்சரித்தார்கள். அதைக் கேட்ட ஒருவர் ஓடிப்போய், தாம் எடுத்து வைத்திருந்த செருப்பு வாரைக் கொண்டுவந்து ஒப்படைத்தார். செருப்பு வாரின் கிரயம் என்ன இருந்திருக்கும்? தனி மனிதருடைய பொருளில் பிழை செய்தால் அவரைத் தேடிப்போய் மன்னிப்புக் கேட்கலாம். பொதுப் பொருளில் பிழை செய்தவர் எத்தனை பேர் வாசலில் போய் நிற்பார்? தொகை சிறிதாவதால் உரிமைக்காரர் தொகை குறைவதில்லையே.

நான்காவது சமாதானம் சற்றுக் கனமானது. அதைச் சொன்னவர் மூத்தவர். "எங்கள் வாப்பா காலத்தில் இக்கரையும் அக்கரையும் ஒன்றாகத்தானே இருந்தது? கோட்டை மனிதன் போட்டான். பூமி அல்லாஹ்வுடையது. இங்கே மலிவு, அங்கே விலை என்பதெல்லாம் சர்க்கார்களின் ஏற்பாடு. அதைக் கொண்டுபோய் ஹலால் ஹராமோடு முடிச்சுப் போடலாமா?" என்றார்.

இதற்குப் பதில் சொல்ல எங்களுக்கு நேரம் பிடித்தது. பூமி அல்லாஹ்வுடையது என்பதில் சந்தேகமில்லை. கோடு மனிதன் போட்டதென்பதும் உண்மை; கடற்பாலம் 1924இல் திறக்கப்பட்டபோது அது இரு நாடுகளின் எல்லையாக இருக்கவில்லை, 1965க்குப் பிறகே அப்படியாயிற்று. ஆனால் நம் கடைக்கும் பக்கத்துக் கடைக்கும் நடுவேயுள்ள சுவரும் மனிதன் எழுப்பியதுதான். அதனால் பக்கத்துக் கடையின் உண்டியலில் நமக்குப் பங்குண்டா? கோட்டுக்கு அந்தப் பக்கம் உள்ளவர்கள் ஒரு பொதுப் பானையில் போடுகிறார்கள், தங்களில் எளியவர்களுக்கென்று அதிலிருந்து எடுக்கிறார்கள். நாம் இந்தப் பக்கத்துப் பானையில் போடுகிறோம், இதிலிருந்து எடுக்கிறோம். போடும்போது கோட்டுக்கு இந்தப் பக்கமும், எடுக்கும்போது பூமி அல்லாஹ்வுடையது என்றும் சொன்னால், அது மார்க்கம் அன்று, தந்திரம். அளந்து வாங்கும்போது நிறைய வாங்கி, அளந்து கொடுக்கும்போது குறைத்துக் கொடுப்பவர்களுக்கு நாசமென்று ஓர் அத்தியாயமே இறங்கியிருக்கிறது. வியாபாரிகளாகிய நாம் அதைத் தராசுக்கு மட்டும் இறங்கியதாக எண்ணிக்கொள்கிறோம். எல்லையின் இரு பக்கத்திலும் இரண்டு அளவு வைத்துக்கொள்வதும் அதே தராசுதான்.

ஆகவே பிள்ளை கேட்டதே சரி. சலுகை என்பது நிபந்தனையோடு வரும் பொருள். பிரயாணிக்குத் தொழுகையில் சலுகை, நோயாளிக்கு நோன்பில் சலுகை, ஏழைக்கு ஜகாத்தில் பங்கு. ஒவ்வொன்றும் ஒரு நிலையில் உள்ளவருக்கு உரியது. அந்த நிலையில் இல்லாதவர் அதை எடுத்தால், கொடுக்கும் கை எவ்வளவு சிரித்த முகத்தோடு நீண்டாலும், எடுத்தது அவருடையதாகாது. நாங்களோ பிரயாணியின் சலுகையையும் எடுத்தோம், ஊராரின் சலுகையையும் எடுத்தோம். ஒரே நாளில் இரு நிலைகளிலும் நின்றோம்.

இனி, எடுத்ததை எப்படித் திருப்புவது? கவலை அங்கேதான் தொடங்கிற்று. எண்ணெய் நிலையத்தில் போய்ப் பாக்கியைக் கட்டுவதாகச் சொன்னால் அவர்கள் எந்தக் கணக்கில் வரவு வைப்பார்கள்? படகோட்டிக்குக் கூலிக்கு மேல் கொடுத்துவிடலாம் என்றார் ஒருவர். மூத்தவர் மறுத்துவிட்டார். "கூலிக்கு மேல் கொடுத்தால் நம்மை வள்ளல் என்பார்கள். கடனைத் திருப்புகிறவனுக்கு வள்ளல் பட்டம் வேண்டாம்" என்றார். வழியில் உள்ள பள்ளிவாசல் உண்டியலில் போடலாம் என்றார் இன்னொருவர். அந்த எண்ணெய் முஸ்லிம்களுக்கு மட்டும் உரியதன்றே, நம் சௌகரியத்துக்கு உரிமைக்காரரைச் சுருக்கலாமா என்று பிள்ளை கேட்டான். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தங்கள் இஹ்யா உலூமித்தீனில் இந்த விசயத்தை ஆராய்ந்திருக்கிறார்கள். கையில் வந்துவிட்ட பிறர் பொருளுக்கு உரியவர் தெரிந்தால் அவரிடமே சேர்க்க வேண்டும். அது பொது மக்களுக்குரியதாயின் பாலம், பாதை போன்ற எல்லோருக்கும் பயன்படும் காரியத்தில் செலவிட வேண்டும் என்பது அவர்கள் காட்டும் வழி.

மறுநாள் உப்பே குலிங் அருவிக்கு நடந்தோம். தண்ணீர் பாறையைக் குடைந்து குளியல் தொட்டிகள் போல ஆக்கி வைத்திருக்கிறது. குளித்தோம், மகிழ்ந்தோம், அட்டைகளுக்கும் கொஞ்சம் இரத்தம் கொடுத்தோம். ஆனால் திரும்பும் நாளில் கிராமத்துத் தலைவரான தோக் பாத்தினைப் பார்க்காமல் வண்டி ஏறுவதில்லை என்று தீர்மானம் செய்திருந்தோம். அவரிடம் அறுபது வெள்ளியைக் கொடுத்து, ஊர்ப் பொதுக் காரியத்தில் சேர்த்துக்கொள்ளும்படி கேட்டோம். எதற்கு என்றார். மூத்தவர் தட்டுத் தடுமாறி நடந்ததைச் சொன்னார். தோக் பாத்தின் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, படகுத் துறையில் ஒரு படி உடைந்திருக்கிறது, பலகைக்கு ஆகும் என்று வாங்கிக்கொண்டார். பாராட்டவுமில்லை, கடிந்துகொள்ளவுமில்லை. எங்களுக்கு அது நிம்மதியாக இருந்தது. குளுவாங் வந்து ரோன் 97 போட்டுக்கொண்டு வீடு திரும்பினோம். அந்த அறுபது வெள்ளியால் கடன் தீர்ந்ததா என்பதை அல்லாஹ் ஒருவனே அறிவான்.

நிற்க. 2025 செப்டம்பர் இறுதியிலிருந்து மலேசிய அரசாங்கம் தன் குடிமக்களுக்கு மைகார்டைக் கொண்டு ரோன் 95 எண்ணெயை 1.99 வெள்ளிக்குக் கொடுக்கும் ஏற்பாட்டைச் செய்திருக்கிறது. கார்டு இல்லாதவருக்கு அந்த விலை இல்லை. ஆகவே இனி இந்தப் பேச்சு எதற்கு என்று சிலர் கேட்கலாம். பூட்டிய கடையில் திருடாதவனை யோக்கியன் என்று நாம் சொல்வதில்லை. பூட்டு சர்க்காரின் வேலை. அமானத்து நம் வேலை. எண்ணெய்க்குப் பூட்டுப் போட்டாயிற்று. நம் கடைகளில் பூட்டில்லாத பொருள்கள் எத்தனை இருக்கின்றன!

மலேசியாவில் ஒரு கிலோ சமையல் எண்ணெய்ப் பொட்டலம் 2.50 வெள்ளிக்கு விற்கப்படுகிறது. மானியத்தோடு வரும் அந்தப் பொட்டலம் குடும்பங்களின் அடுப்புக்கென்று வைத்தது, சாப்பாட்டுக் கடைகளின் அடுப்புக்கன்று. அதைப் பெட்டி பெட்டியாய்ப் பின்வாசலில் கொடுக்கும் மளிகைக் கடைக்காரரும் மனமொப்பித்தான் கொடுக்கிறார், வாங்கும் சாப்பாட்டுக் கடைக்காரரும் மனமொப்பித்தான் வாங்குகிறார். முன்வாசலில் பொட்டலம் தீர்ந்துவிட்டதென்று திரும்பிப் போகும் தாய்தான் அங்கே மூன்றாமவர்.

சிங்கப்பூரிலுள்ள நாமும் விலக்கல்ல. 2021 டிசம்பர் முதல் சிங்கப்பூர்க் குடிமக்களின் குடும்பங்களுக்கெல்லாம் அரசாங்கம் சிடிசி பற்றுச்சீட்டுகளைக் கொடுத்து வருகிறது. அக்கம்பக்கக் கடைகளில் சாமான் வாங்குவதற்கு அவை. அவற்றைக் காசாக மாற்றக் கூடாது. பிரயாணத்துக்கு முந்திய ஆண்டு நம் கடைக்கு வழக்கமாய் வரும் ஒரு பாட்டியம்மா, "பாய், சாமான் வேண்டாம், மருந்து வாங்கக் காசு வேண்டும், இந்தப் பத்து வெள்ளிச் சீட்டுக்குக் காசாகக் கொடுங்கள்" என்று தொலைபேசியை நீட்டினார். நாம் சீட்டை எடுத்துக்கொண்டு முழுசாய்ப் பத்து வெள்ளி கொடுத்தோம். ஒரு காசு லாபம் வைக்கவில்லை. நன்மை செய்தோம் என்ற நினைப்போடு அன்று படுத்தோம்.

காட்டிலிருந்து திரும்பிய பின்புதான் அது வேறு விதமாகத் தெரிந்தது. பாட்டியம்மாவின் தேவை மெய்; நம் இரக்கமும் மெய். ஆனால் அந்தச் சீட்டை அரசாங்கத்திடம் கொடுத்துப் பணம் வாங்கியபோது, சாமான் விற்றோம் என்று நாம் சொல்லாமல் சொன்னது பொய். இரக்கம் காட்ட நம்மிடம் நம்முடைய பணப்பை இருந்தது. அதிலிருந்து பத்து வெள்ளியைக் கைமாற்றாகவோ தர்மமாகவோ கொடுத்திருக்கலாம். அதைத் திறக்க மனமில்லாமல் பொதுப் பணப்பைக்குள் கை விட்டு இரக்கம் காட்டினோம். காஹாங்கின் கல்லாப் பையனும் எங்கள் மீது இரக்கப்பட்டுத்தான் மஞ்சள் குழாயைக் காட்டினான். அவனுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்? அவனாவது இளையவன்.

கலீபா உமர் இப்னு அப்துல் அஜீஸ் (ரஹ்) அவர்களைப் பற்றிச் சொல்லப்படும் ஒரு வரலாறு நம் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். இரவில் ராஜாங்க வேலை பார்த்துக்கொண்டிருந்தவர்கள், வந்தவர் சொந்த விசயம் பேசத் தொடங்கியதும் பொதுச் சொத்தான விளக்கை அணைத்துவிட்டுத் தம் சொந்த விளக்கை ஏற்றினார்களாம். எண்ணெய் அன்றைக்கும் எண்ணெய்தான், இன்றைக்கும் எண்ணெய்தான். ஒரு சிறு பேச்சு முடிவதற்குள் அந்த விளக்கில் எத்தனை சொட்டு எரிந்திருக்கும்? சொட்டுக் கணக்கை அவர்கள் பார்க்கவில்லை. யாருடைய எண்ணெய் என்பதையே பார்த்தார்கள்.

சகோதரர்களே, விலை என்ன என்று கேட்பது வியாபாரியின் முதல் பாடம். அத்தோடு இன்னொரு கேள்வியையும் பழகிக்கொள்வோம்: விலையின் பாக்கியை யார் கட்டுகிறார், அவர் எனக்காகவா கட்டினார்? இந்தக் கேள்விக்கு மனம் தடுமாறினால், ரசீது கையிலிருந்தாலும் பொருளைக் கீழே வைத்துவிடுவது நலம். புனலை இறங்கும்வரை பிடித்துக்கொண்டு நின்ற அந்தப் படகோட்டியின் கை நம் கண்முன் நிற்கட்டும். நமக்கு உரியதில் தாராளமும், பிறருக்கு உரியதில் பேணுதலும் தந்து, நம் வியாபாரங்களில் அல்லாஹ் பரக்கத்துச் செய்வானாக! ஆமீன்.